தையில் கல்யாணம், கார்த்திகையில் மூக்கு ஆபரேஷனா?

திருச்செங்கோடு பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ரிக் வண்டித் தொழில். வருடத்தில் பாதி நாள் வடநாட்டில். மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, சேலத்தில் பட்டு எடுத்தாயிற்று. ஐப்பசியில் ஒரு நாள் போட்டோகிராபர் மணமக்களை ஏற்காட்டுக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்துத் தருகிறார். மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் எல்லாப் படமும் பிடித்திருக்கிறது. பெண்ணுக்கு மட்டும் ஒரே ஒரு படம் பிடிக்கவில்லை. பக்கவாட்டில் எடுத்தது. மூக்கின் நடுவில் சின்ன மேடு, நுனி கொஞ்சம் கீழே இறங்கினாற்போல.

அன்று இரவிலிருந்து அவள் போனில் வருவதெல்லாம் மூக்கு வீடியோக்கள்தான். ஆபரேஷனுக்கு முன், ஆபரேஷனுக்குப் பின். கட்டைப் பிரித்ததும் கண்ணாடியைப் பார்த்து அழும் பெண்கள். பதினைந்து விநாடியில் புது மூக்கு. ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் மெதுவாகச் சொல்கிறாள்: "கார்த்திகையில பண்ணிக்கிட்டா தைக்குள்ள சரியாயிடும்மா."

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாயிக்குக் காது நன்றாகவே கேட்கும். "பொறந்தப்ப நான் நல்லா நீவி விட்டிருந்தா இந்நேரம் எள்ளுப்பூவாட்டம் இருந்திருக்கும். உங்கொம்மாதான் கொழந்தைய தொடவே உடல."

அழகான மூக்குக்கு எள்ளுப்பூவை உவமை சொல்வது நம் பழைய வழக்கம். எள் விளையும் இந்தச் சமவெளியில் அந்தப் பூவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அம்மாயி சொன்னதில் பாதிதான் சரி. பச்சைக் குழந்தையின் மூக்கை நீவினால் அது கூர்மையாக வளராது. மூக்கின் வடிவத்தைப் பரம்பரைதான் முடிவு செய்கிறது. நீவுவதோடு நின்றாலும் பரவாயில்லை. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுகிறார்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். குழந்தை மருத்துவர்கள் இதை எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கதைக்கு வருவோம். அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் டாக்டரிடம் போகிறார்கள். நல்ல டாக்டர் என்றால் முதல் கேள்வி மூக்கைப் பற்றி இருக்காது. "கல்யாணம் எப்போ?" என்றுதான் கேட்பார்.

"தை மாசமுங்க. ரெண்டு மாசம் இருக்குதுங்களே, ஆறிடாதுங்களா?"

"புண்ணு ஆறிடுமுங்க. மூக்கு ஆறாது."

இந்தப் பதிலைப் புரிந்துகொள்வதற்கு, ஆபரேஷனில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். மூக்கின் மேல் மூன்றில் ஒரு பகுதிதான் எலும்பு. கீழே உள்ளதெல்லாம் குருத்தெலும்பு. காது மடலைத் தொட்டுப் பாருங்கள், அதே மாதிரி வளையும். உள்ளே இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர். இவை எல்லாவற்றையும் போர்த்தியபடி தோல். டாக்டர் தோலை விலக்கி, மேட்டைச் சீவுகிறார். தேவைப்பட்டால் எலும்பை அளவாக உடைத்து உள்ளே நெருக்குகிறார். குருத்தெலும்பைத் தைத்தோ, வேறு இடத்திலிருந்து எடுத்து வைத்தோ நுனியை நிறுத்துகிறார். பிறகு தோலை மீண்டும் போர்த்துகிறார். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கலாம்.

டாக்டர் மாற்றுவது உள்ளே இருக்கும் சட்டத்தை. வெளியே தெரிவது தோல். அந்தத் தோல் புதிய சட்டத்தின் மேல் சுருங்கிப் படிய வேண்டும். அதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

மூக்கின் மேல் வைத்த அச்சை ஒரு வாரம் போல வைத்திருந்து எடுப்பார்கள். கண்ணைச் சுற்றி வரும் கருநீலம் மறைய இரண்டு வாரம் ஆகலாம். மூன்று நான்கு வாரத்தில் கடைவீதிக்குப் போகலாம். தெரியாதவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் வீக்கம் முழுதாக வடிந்திருக்காது. காலையில் எழுந்தால் கூட இருக்கும், மாலையில் குறையும். மூன்று மாதத்தில் பெரும்பகுதி வடிந்தாலும் நுனி மட்டும் கடைசி வரை பிடிவாதம் பிடிக்கும். இறுதி வடிவம் தெரிய ஒரு வருடம் ஆகும். தோல் தடிமனாக இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் கூட. நம் ஊரில் தடித்த தோல்தான் பலருக்கும்.

பதினைந்து விநாடி வீடியோவில் இந்த ஒரு வருடம் வராது.

கார்த்திகையில் செய்துகொண்டால் தை முகூர்த்தத்தில் அந்தப் பெண் வீங்கிய நுனியோடுதான் மணவறையில் உட்கார வேண்டும். பழைய மூக்கும் இல்லை, புது மூக்கும் வந்து சேரவில்லை. ஆயுளுக்கும் வைத்துப் பார்க்கப்போகும் ஆல்பம் அந்த இடைக்கால மூக்கோடு அச்சாகும். இது போதாதென்று நலங்கு மஞ்சள், ஓமப்புகை, அழுது சிந்துவது, மாலை மாற்றும் நெரிசலில் யாரோ ஒரு சித்தப்பாவின் முழங்கை. கல்யாணத் தேதி இருக்கிறவர்கள் அதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே, முடிந்தால் ஒரு வருடம் முன்பே செய்துகொள்ள வேண்டும். அந்த அவகாசம் இல்லையென்றால் கல்யாணம் முடிந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அவசரத்துக்குச் செய்கிற ஆபரேஷன் இல்லை இது.

இன்னொன்றும் உண்டு. செய்தது பிடிக்கவில்லை என்றால் உடனே திருத்த முடியாது. வீக்கம் வடிந்து தழும்பு இளகப் பொதுவாக ஒரு வருடம் காத்திருந்துதான் இரண்டாவது ஆபரேஷன். அது முதலாவதைவிடக் கடினம். நல்ல கைதேர்ந்த டாக்டர்களிடமும் ஒரு பங்கு பேர் திருத்தத்துக்குத் திரும்பி வரத்தான் செய்கிறார்கள். "எங்ககிட்ட நூத்துக்கு நூறு" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

போரில் போன மூக்கு

மூக்கு ஆபரேஷன் என்றதும், சினிமாக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த வேலையின் தாய்வீடு நம் நாடுதான். அது வளர்ந்ததற்குக் காரணமும் இங்கே நடந்த கொடுமைதான். தண்டனைக்கு மூக்கை அறுப்பார்கள், போரில் மூக்கை அறுப்பார்கள். 17-ம் நூற்றாண்டின் நடுவில், திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி மதுரைச் சீமை வரை போனது. போன வழியெல்லாம் சிக்கியவர்களின் மூக்கை அறுத்தார்கள். பதிலுக்கு மதுரைப் படையும் மைசூர் எல்லைக்குள் போய் அதையே செய்தது. சரித்திரத்தில் அதற்குப் பெயரே மூக்கறுப்புப் போர். 'மூக்கறுபட்டான்' என்று நாம் விளையாட்டாகச் சொல்கிறோம். கொங்குச் சீமைக்கு அது ஒரு காலத்தில் விளையாட்டாக இருக்கவில்லை.

அறுந்த மூக்கைச் செய்து வைக்கும் வித்தை அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு செய்யும் முறையை சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. உலகம் அதைத் தெரிந்துகொண்டது ஒரு வண்டிக்காரரால். திப்பு சுல்தானோடு கம்பெனிப் படை நடத்திய மூன்றாம் மைசூர்ப் போரில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் சிறைபட்டார். மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஒரு வருடம் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே பக்கம் செங்கல் சூளைக்காரர் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். மெழுகில் மூக்கு அளவுக்கு அச்சு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்கு நெற்றித் தோலை அறுத்துக் கீழே திருப்பி மூக்காகப் படியவைத்தார். புருவ நடுவில் தோலின் காம்பை மட்டும் அறுக்காமல் விட்டார், ரத்த ஓட்டம் நிற்காமல் இருக்க. பக்கத்தில் இருந்து பார்த்த இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் சொன்ன விவரம் 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் படத்தோடு வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் பிணங்களில் பழகிப் பார்த்து, 1814-ல் உயிருள்ள ஒருவருக்குச் செய்தார். ஐரோப்பாவில் பிளாஸ்டிக் சர்ஜரி புத்துயிர் பெற்றது அங்கிருந்துதான்.

1792-ல் அந்தப் போர் முடிந்தபோது திப்பு விட்டுக்கொடுத்த சீமைகளில் சேலமும் ஒன்று. சேலம் கம்பெனி கைக்கு வந்ததும், கவாஸ்ஜியின் மூக்கு போனதும் ஒரே போரில்.

கவாஸ்ஜிக்கு மூக்கு இல்லை, வைத்தார்கள். எதைச் சரி செய்ய வேண்டும் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை, வைத்தவருக்கும் சந்தேகமில்லை. திருச்செங்கோட்டுப் பெண்ணுக்கு மூக்கு இருக்கிறது, வாசனை பிடிக்கிறது, மூச்சு விடுகிறது. அதனால்தான் இங்கே கேள்விகள் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

மூச்சா, வடிவமா?

டாக்டரின் இரண்டாவது கேள்வி இதுவாக இருக்கும். "படுத்தா மூக்கு அடைக்குதா? வாயைத் தொறந்துட்டுத் தூங்கறியாம்மா?"

நடுச்சுவர் வளைந்திருப்பதால் மூச்சு முட்டுகிறவர்களுக்கு அந்தச் சுவரை நேராக்கினால் போதும். வெளித் தோற்றத்தைத் தொடவே வேண்டாம். இது காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் வழக்கமாகச் செய்கிற ஆபரேஷன். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. மூச்சுப் பிரச்னை உள்ளவர்கள் முதலில் அங்கே புறநோயாளிப் பிரிவில் ஒரு காலை நேரத்தைச் செலவழிக்கலாம். மூக்கு கோணலாக இருந்து மூச்சும் அடைக்கிறது என்றால் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டி வரும்.

ஆனால் இந்தப் பகுதியில் மூக்கு அடைப்பவர்களில் எல்லோருக்கும் சுவர் வளைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகளில் பறக்கும் பஞ்சு, கோழிப்பண்ணைத் தூசு, ரிக் வண்டி கிளப்பும் கல்மாவு; இவற்றால் வருவது அலர்ஜி. கத்தியால் அது தீராது. மருந்துக் கடையில் வாங்கி விடும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து இன்னொரு வில்லன். நான்கைந்து நாளுக்கு மேல் விட்டுக்கொண்டே இருந்தால், சொட்டு மருந்தே அடைப்பை உண்டாக்க ஆரம்பித்துவிடும். வருடக்கணக்கில் சட்டைப் பையில் அந்தப் பாட்டிலோடு திரியும் டிரைவர்கள் உண்டு. மூக்குப்பொடி போடும் தாத்தாக்களை அவர்கள் கேலி செய்வதுதான் வேடிக்கை.

மூச்சா வடிவமா என்பது பணத்தையும் தொடும். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனை மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் ஏற்பதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் சீரமைப்பதென்றால் விஷயம் வேறு. நடுச்சுவர் ஆபரேஷனுக்குப் பல பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்பு இருக்கும். எடுத்த புதிதில் கேட்டால் கிடைக்காது. அழகு ஆபரேஷனுக்கு ஜி.எஸ்.டி. வேறு உண்டு. பிறவிக் குறைக்கோ காயத்துக்கோ செய்தால் அந்த வரி இல்லை. "காப்பீட்டுல வர்ற மாதிரி எழுதிக் குடுத்துடறோம்" என்று ஆசை காட்டும் இடத்தில் ஏமாறப்போவது கம்பெனி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ரிக்கார்டில் பொய் எழுதுகிற இடம் உங்களிடம் மட்டும் உண்மை பேசுமா?

போன் காட்டும் மூக்கு

செல்ஃபி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு. முகத்திலிருந்து ஓர் அடி தூரத்தில் போனைப் பிடித்து எடுத்தால், ஐந்தடி தள்ளி நின்று எடுத்த படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும். அமெரிக்க மருத்துவர்கள் 2018-ல் கணக்குப் போட்டு வெளியிட்டது இது. கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு என்பதால் வரும் கோளாறு. கை நீட்டி எடுத்த படத்தைக் காட்டி "மூக்கு அகலமா இருக்கு டாக்டர்" என்பவருக்கு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பதுதான் செலவில்லாத வைத்தியம். நல்ல மருத்துவமனைகளில் சரியான தூரத்தில் நின்று, நேராக, இரண்டு பக்கமும், சாய்வாக, கீழிருந்து என்று பல கோணங்களில் படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார்கள்.

தாடை சிறுத்து உள்ளே போயிருந்தால் மூக்கு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதும் பலருக்குத் தெரியாது. பக்கவாட்டுப் படத்தில் மூக்கைக் கையால் மறைத்துவிட்டுத் தாடையைப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் "உங்க மூக்கு இப்படி வரும்" என்று காட்டும் படம் ஒரு பேச்சுவார்த்தைக்குத்தான். அது வாக்குறுதி ஆகாது. நடிகையின் படத்தைக் கொண்டுபோய் "இதே மாதிரி" என்று கேட்பதிலும் பயனில்லை. தடித்த தோலுக்குள் மெல்லிய சட்டத்தை வைத்தால் வெளியே தெரியாது. அதனால் நம் மூக்குகளில் சீவி எடுப்பதைவிட, குருத்தெலும்பை வைத்து நுனியைத் தாங்க வைப்பதுதான் பல நேரம் தேவைப்படும். அதை நடுச்சுவரிலிருந்தோ, காதிலிருந்தோ, சில நேரம் விலா எலும்புப் பக்கத்திலிருந்தோ எடுப்பார்கள். எங்கிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூக்குக்குப் போய்விட்டு மார்பில் தையலோடு கண் விழிப்பது யாருக்கும் இனிமையாக இருக்காது. சிலிக்கான் வைத்தால் வேலை சுலபம். ஆனால் உடம்புக்கு அந்நியமான பொருள். சில வருடம் கழித்துச் சீழ் பிடிக்கவோ தோலைத் துளைத்து எட்டிப் பார்க்கவோ வாய்ப்பு உண்டு. அளவுக்கு மீறிச் சீவிய மூக்கும் அப்படித்தான். முதலில் ஒல்லியாக அழகாக இருந்து, பிறகு பக்கச் சுவர் தொய்ந்து மூச்சு முட்டும்.

நம் பெண்களுக்கு மூக்குத்தி ஒரு தனி விஷயம். ஆபரேஷனுக்கு முன் கண்டிப்பாகக் கழற்ற வேண்டும். ரத்தத்தை நிறுத்த மின்கருவி வைக்கும்போது உலோகம் இருந்தால் சுடும். மூக்கு மடலை ஒடுக்கும் ஆபரேஷன் என்றால் பழைய துளை இடம் மாறித் தெரியலாம். மறுபடி எப்போது போடலாம், புதிதாகக் குத்துவதானால் எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். கல்யாணத்துக்கு வைர மூக்குத்தி வாங்கி வைத்திருக்கும் மாமியாருக்கு இதை யார் சொல்வது என்பதை வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

யாரிடம், எங்கே?

"ஊசியில பண்றாங்களாமே, அரை மணி நேரத்துல?" என்று அப்பா கேட்கிறார். ஃபில்லர் ஊசியைத்தான் சொல்கிறார். மேட்டுக்கு மேலேயும் கீழேயும் நிரப்பி மேடு தெரியாமல் செய்யலாம். மூக்கைச் சிறியதாக்க முடியாது. சில மாதங்களில் கரைந்துவிடும். அபாயம் இதில் கம்மி என்று நினைப்பதுதான் தப்பு. மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. மருந்து தவறிக் குழாய்க்குள் போனால் மூக்குத் தோல் அழுகலாம். கண்பார்வையே போன சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான். ஆனாலும் பியூட்டி பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை அது. மூக்கில் மாட்டும் கிளிப், தடவும் கிரீம் எதுவும் வடிவத்தை மாற்றாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

ஆபரேஷன் செய்பவர் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்து அதற்கு மேல் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவராகவோ, அதற்கு நிகரான டி.என்.பி. பெற்றவராகவோ இருக்க வேண்டும். அல்லது காது மூக்கு தொண்டையில் எம்.எஸ். முடித்து இந்த வேலையில் தனிப் பயிற்சி எடுத்தவராக இருக்க வேண்டும். சில வாரச் சான்றிதழோடு 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று போர்டு வைப்பவர் அறுவை சிகிச்சை நிபுணர் ஆகமாட்டார். பெயர் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவில் இருக்கிறதா என்று போனிலேயே பார்த்துவிடலாம். மருத்துவமனையும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மயக்க மருந்து நிபுணர் கடைசி வரை கூடவே இருப்பாரா, ஏதாவது ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா என்று கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கு ஏற்ற இடம் இல்லை. பெங்களூரில் 2022-ல் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் போன 21 வயது சின்னத்திரை நடிகை ஒருவர் அன்றே உயிரிழந்தார். வீட்டில் சொல்லாமல் போயிருந்தார் என்பதுதான் அந்தச் செய்தியில் மனதை அறுத்த வரி. எவ்வளவு சின்ன ஆபரேஷன் என்றாலும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சேலத்துக்காரர்கள் பெங்களூருக்கோ கோவைக்கோ சென்னைக்கோ போய்ச் செய்துகொள்வது சகஜம். போகலாம். ஆனால் முதல் ஒரு வாரம் அந்த டாக்டர் எட்டும் தூரத்தில் தங்க வேண்டும். பிறகும் ஒரு வருடத்துக்குப் பலமுறை போய்க் காட்ட வேண்டும். பஸ் செலவையும் லீவையும் பட்ஜெட்டில் சேருங்கள். டாக்டர் கட்டணம், தியேட்டர், மயக்க மருந்து, மருந்துச் செலவு, திருத்த ஆபரேஷன் வந்தால் யார் தருவது, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் படிக்கும் உரிமை உங்களுடையது. என்ன செய்யப்போகிறார்கள், என்ன அபாயம், வேறு வழி என்ன என்று விளக்கி வாங்கும் சம்மதம்தான் சம்மதம். ஒன்றுக்கு வாங்கிய கையெழுத்தை வைத்து, உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாதபோது, வேறொன்றைச் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் சொல்லியிருக்கிறது. காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே முடிவான விஷயம். அதனால் ரசீதையும் படிவத்தின் நகலையும் பத்திரமாக வையுங்கள்.

வயதும் முக்கியம். மூக்கு வளர்ந்து முடிய வேண்டும். பெண்களுக்கு 15, 16, பையன்களுக்கு 17, 18 வரை ஆகும். பிளஸ் டூ லீவில் செய்துவிடலாம் என்று அவசரப்படும் பெற்றோர், கேட்பது பிள்ளையா தாங்களா என்று யோசிக்க வேண்டும். பிறர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறையை நாளெல்லாம் கண்ணாடியில் பார்த்து, வெளியே போகவே கூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மனநோய் வகை. எத்தனை முறை அறுத்தாலும் அவர்களுக்குத் திருப்தி வராது. அப்படிப்பட்டவரை டாக்டர் மனநல மருத்துவரிடம் அனுப்பினால் கோபப்படக்கூடாது. காசை வேண்டாம் என்று சொல்கிற டாக்டர் அவர்.

ஆபரேஷன் முடிவானால் புகையிலையைச் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும். தோலுக்கு ரத்தம் போகாமல் புண் கெட்டுவிடும். ஆஸ்பிரின், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, லேகியம் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தப் போக்கைக் கூட்டுபவை அதில் உண்டு. இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிடக்கூடாது. பிறகு தலையை உயர்த்திப் படுப்பது, மூக்கைச் சிந்தாமல் இருப்பது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முவது. மூக்குக் கண்ணாடியை மூக்கில் பாரம் வைக்காமல் ஒரு மாதத்துக்கு மேல் சமாளிக்க வேண்டும். முழு ஹெல்மெட்டை மூக்கை உரசி மாட்டுவது, கிணற்றில் குதிப்பது, கபடி எல்லாம் டாக்டர் சொல்லும் வரை கிடையாது. அக்னி நட்சத்திர வெயிலில் சேலத்தில் வெளியே நடந்தால் நல்ல மூக்கே சிவக்கும். புது மூக்கு வீங்கும், தழும்பு கறுக்கும். மூக்கு நுனி சில மாதம் மரத்திருப்பது சாதாரணம். காய்ச்சல், துர்நாற்றம், நிற்காத ரத்தம், பார்வைக் கோளாறு வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

லாரியும் பைக்கும் ஓடும் இந்த ஊர்களில் அடிபட்டு மூக்கு உடைபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உடைந்த எலும்பை இரண்டு வாரத்துக்குள் பழைய இடத்தில் நிறுத்திவிடலாம்; "வீக்கம் வடியட்டும்" என்று மாதக்கணக்கில் விட்டால் கோணலாகவே கூடிவிடும். அடிபட்ட மூக்கின் உள்ளே நடுச்சுவரில் ரத்தம் கட்டினால் அதை உடனே எடுக்க வேண்டும். விட்டால் குருத்தெலும்பு செத்து, மூக்கு சேணம் போல அமுங்கிப்போகும். தண்ணீர் மாதிரித் தெளிவாக ஒழுகினால் அது சளியாக இல்லாமல் மூளையைச் சுற்றியுள்ள நீராகவும் இருக்கலாம். இவர்களுக்குச் செய்வது அழகுக்காக அல்ல. கவாஸ்ஜிக்குச் செய்த வேலையின் தொடர்ச்சி.

திருச்செங்கோட்டுப் பெண் டாக்டர் அறையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். மூச்சில் குறையில்லை. மேடு இருப்பது நிஜம்தான், செய்தால் வித்தியாசம் தெரியும் என்றும் டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அவளுக்கு அழுகை முட்டுகிறது.

"கல்யாணம் முடியட்டும்மா. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வருவே இல்ல? அப்பவும் இதே நெனப்பு இருந்தா வா. உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. ஒரு வருசம் புள்ள கில்ல தள்ளிப்போடறதையும் ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க."

வெளியே வந்ததும் அப்பா போனை எடுத்து, ஐந்தடி தள்ளி நின்று மகளைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கிறார். பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டுகிறார். "எங்கொம்மா மூக்கு" என்கிறார்.

மகள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். அழிக்கவில்லை. ஆடிக்கு வருவாளா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.